கொத்துகள் எந்தப் பக்கம் நீள்கின்றன?

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் முதன்முதலாகக் கன்னிக் கொத்தைப் பார்த்த இரவு இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நிலா இல்லாத இரவு. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எம்84, எம்86 என்று இரண்டு மங்கலான பொட்டுகள் தெரிந்தன. ஊதினால் கலைந்துவிடும் புகை மாதிரி இருந்தன. குழாயை மெல்ல நகர்த்தினேன். பக்கத்தில் ஒரு ஜோடி, அதைத் தாண்டி இன்னொரு ஜோடி, அதற்கும் அப்பால் இன்னும் இரண்டு. வளைந்த கோடு ஒன்று வானத்தில் போய்க்கொண்டே இருந்தது. ஆர்மீனிய வானியலாளர் பெஞ்சமின் மார்க்காரியன் பெயரால் அதை மார்க்காரியன் சங்கிலி என்கிறார்கள்.

அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. அவற்றிலிருந்து என் கண்ணுக்கு வந்த ஒளி 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டது. அந்தப் பிரமிப்பு ஒரு பக்கம் இருக்க, எனக்குள் வேறொரு கேள்வி புகுந்துகொண்டது. கேலக்ஸிக் கொத்து என்றதும் நான் மனதில் வைத்திருந்த படம் ஓர் உருண்டை. நடுவில் அடர்த்தி, வெளியே போகப் போக மெலிவு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. ஈர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் மையத்தை நோக்கித்தானே இழுக்கிறது, பின்னே உருண்டையாகத்தானே சேரவேண்டும்? ஆனால் நான் பார்த்தது சங்கிலி. அது ஏன் அப்படி என்று தேட ஆரம்பித்தவன், பல வருடங்களாக அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கொத்து என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் கேலக்ஸிகள் ஒன்றின் ஈர்ப்பில் இன்னொன்று கட்டுண்டு கிடக்கும் இடம் அது. பெரிய கொத்துகளின் நிறை சூரியனைப் போல நூறு லட்சம் கோடி மடங்கிலிருந்து ஆயிரம் லட்சம் கோடி மடங்கு வரை போகும். அதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். மீதியில் பெரும்பகுதி, கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும் வாயு. நாம் படங்களில் பார்த்து வியக்கும் கேலக்ஸிகளின் நட்சத்திரங்கள் மொத்த நிறையில் சில சதவீதம்தான். ஆக, ஒரு கொத்தின் வடிவம் என்று சொல்லும்போது எதனுடைய வடிவம் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

கொத்துகள் உருண்டையாக இல்லை என்பது வானியலாளர்களுக்குப் பழைய செய்தி. ஜார்ஜ் ஏபெல் 1958-இல் வெளியிட்ட பட்டியலில் 2712 கொத்துகள் இருந்தன. அந்தப் பட்டியல் கையில் கிடைத்ததும் அவற்றை வடிவத்தை வைத்துப் பிரிக்கும் முயற்சிகள் நடந்தன. ஹெர்பர்ட் ரூட், சாஸ்திரி இருவரும் 1971-இல் கொடுத்த வகைப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கொத்தில் மிகப் பிரகாசமான கேலக்ஸிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று மட்டும் பார்க்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு ராட்சதக் கேலக்ஸி இருந்தால் ஒரு வகை. கோமா கொத்தில் இருப்பதுபோல இரண்டு ராட்சதர்கள் இருந்தால் இன்னொரு வகை. பிரகாசமானவை ஒரே கோட்டில் வரிசை கட்டி நின்றால் அது ஒரு தனி வகை. இந்தக் கோட்டு வகைக்கு நல்ல உதாரணம் பெர்சியஸ் கொத்து. அதன் படத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். என்ஜிசி 1275 என்ற மையக் கேலக்ஸியிலிருந்து மேற்கே ஒரு வரிசை கிளம்புவது கண்ணுக்குத் தெரியும்.

இதே சாஸ்திரி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1968-இல், இன்னொன்றையும் கவனித்திருந்தார். கொத்தின் நடுவில் இருக்கும் ராட்சதக் கேலக்ஸியும் லேசாக நீண்டிருக்கும். அது எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ, ஏறக்குறைய அதே திசையில்தான் கொத்து முழுவதும் நீண்டிருக்கிறது. சில லட்சம் ஒளியாண்டு அளவுள்ள ஒரு பொருளும், அதைப்போல் பல மடங்கு பெரிய அதன் கூட்டமும் ஒரே பக்கம் பார்க்கின்றன. தாயைப் போல பிள்ளை என்று சொல்லத் தோன்றினாலும், இங்கே யார் தாய், யார் பிள்ளை என்பது அவ்வளவு சுலபமாகப் பிடிபடுவதில்லை.

படிப்பது போதாது, நானே அளந்து பார்க்கவேண்டும் என்று ஒரு கட்டத்தில் ஆசை வந்துவிட்டது. பொதுவில் கிடைக்கும் கேலக்ஸிப் பட்டியல்களிலிருந்து ஒரு கொத்தின் உறுப்பினர்களை எடுத்துக் கணினியில் புள்ளிகளாக வைத்தேன். புள்ளிகளின் பரவலுக்கு ஒரு நீள்வட்டம் பொருத்தினேன். அழகாக வந்தது. நீளும் திசையையும் குறித்துக்கொண்டேன். மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் ஒரு சந்தேகம் வந்தது. வெறும் வட்டத்துக்குள் முப்பது புள்ளிகளைத் தற்போக்காகத் தூவி அதே கணக்கைப் போட்டேன். அதற்கும் நீள்வட்டம்தான் வந்தது! திரும்பத் திரும்பத் தூவினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பக்கம் நீண்டது. ஒருமுறைகூடச் சரியான வட்டம் வரவில்லை. புள்ளிகள் குறைவாக இருந்தால் தற்செயலே ஒரு வடிவத்தை உண்டாக்கிவிடுகிறது என்பதை அன்று கையால் தொட்டு உணர்ந்தேன்.

இன்னொரு கோளாறும் இருந்தது. கொத்தின் மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் கேலக்ஸிகளை மட்டும் எடுத்திருந்தேன். இயல்பான செயலாகத்தான் பட்டது. ஆனால் நீண்ட ஒன்றை வட்டக் கத்தியால் வெட்டி எடுத்தால் அதன் நுனிகள் போய்விடும், மிச்சம் உள்ளது இருப்பதைவிட வட்டமாகத்தான் தெரியும். சதுரமான படத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மூலைகள் தம் பங்குக்குத் திசையை இழுக்கும். அதனால் முதலில் ஒரு நீள்வட்டம் கண்டு, அதற்குள் இருப்பவற்றை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டு, விடை மாறாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்கிறார்கள். ஒரு படத்தைப் பார்த்து "அதோ நீண்டிருக்கிறது" என்று சொல்லிவிடலாம். அதை நிரூபிப்பது அவ்வளவு லேசு இல்லை. இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி இதிலிருந்து கிளம்பியவை என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு சண்டையைத்தான் சொல்லவேண்டும். ப்ருனோ பிங்கெலி 1982-இல் 44 ஏபெல் கொத்துகளை எடுத்துக்கொண்டு எளிமையான ஒரு கேள்வி கேட்டார். ஒரு கொத்து நீளும் திசைக்கும், அதற்கு மிக அருகில் உள்ள கொத்து இருக்கும் திசைக்கும் நடுவில் உள்ள கோணம் என்ன? கொத்துகள் தமக்குள் தொடர்பே இல்லாமல் கிடந்தால் எல்லாக் கோணங்களும் சமமாக வரவேண்டும். அவர் கண்டது வேறு. அன்றைய தூரக் கணக்கில் 10 கோடி ஒளியாண்டுக்குள் இருந்த அண்டைக் கொத்துகள் ஒன்றையொன்று சுட்டின. அதாவது, ஒரு கொத்தின் நீண்ட அச்சை அப்படியே வெளியே நீட்டினால் பக்கத்துக் கொத்தின் அருகே போய்ச் சேர்ந்தது.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஒளியாண்டு வெறுமை. ஆனாலும் இது இருக்கும் பக்கம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மிட்செல் ஸ்ட்ரபிள், ஜேம்ஸ் பீபிள்ஸ் இருவரும் 1985-இல் பெரிய மாதிரியை எடுத்து இதே சோதனையைச் செய்தபோது, விளைவு மிக மங்கலாகவே வந்தது. வானத்தில் ஒரே திசையில் வெவ்வேறு தூரத்தில் இருக்கும் கேலக்ஸிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொய்யான நீட்சியைக் காட்டுமே, அதுவாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. நான் கணினியில் தூவிய முப்பது புள்ளிகளை நினைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகத்தின் எடை புரியும். பீபிள்ஸ் போன்ற பெரிய பிரபஞ்சவியலாளர் ஒருவர் சந்தேகப்பட்டார் என்பதாலேயே அடுத்து வந்தவர்கள் இன்னும் கவனமாக அளந்தார்கள். எக்ஸ் கதிர்ப் படங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான கொத்துகள் கொண்ட ஸ்லோன் வான அளவாய்வு வந்தது. அதை வைத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, கொத்துகளின் இந்தச் சீரமைவு 40 கோடி ஒளியாண்டுக்கும் மேலான தூரம் வரை தடம் காட்டுகிறது என்று கண்டது. பிங்கெலி கண்டது நிஜம். அவர் நினைத்ததைவிடத் தொலைவுக்கும் அது நீண்டது.

சரி, இது எப்படி நடக்கிறது?

எனக்கு முதலில் தோன்றிய விடை ஓத விசை. நிலா கடலை இழுத்து நீட்டுகிறதே, அதுபோலப் பக்கத்துக் கொத்து இந்தக் கொத்தை இழுத்து நீட்டியிருக்கலாம். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஓத விசை தூரத்தின் மும்மடியில் குறையும். கொத்தின் ஆரம் 30 லட்சம் ஒளியாண்டு என்று வைத்துக்கொள்வோம். அதே நிறையுள்ள இன்னொரு கொத்து 3 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஆரம் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. அதை மும்மடியாக்கினால் ஆயிரத்தில் ஒன்று, ஓத விசைக்கு அதை இரட்டித்தால் ஆயிரத்தில் இரண்டு. கொத்து தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கும் விசையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! இதை வைத்துக்கொண்டு ஒன்றையும் நீட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் இன்று கையைப் பிடித்து இழுப்பதால் வந்த வடிவம் இல்லை இது. பழைய கதை ஒன்று இருக்கவேண்டும்.

அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை எழுதியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச். பொருள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் ஒரு பகுதி ஆதியில் எந்த வடிவத்தில் இருந்திருக்கும்? துல்லியமான உருண்டையாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் குட்டை, ஒரு பக்கம் கொஞ்சம் நீளம். அது தன் எடையில் சுருங்கும்போது குட்டையான பக்கம்தான் முதலில் இடிந்து விழும் என்று 1970-இல் காட்டினார். முதலில் அப்பிய தட்டை. அப்புறம் அந்தத் தட்டை இன்னொரு பக்கம் சுருங்கி இழை. கடைசியாக இழை நெடுகச் சுருங்கி முடிச்சு. ஈர்ப்பு வடிவக் கோணல்களைச் சரிசெய்யும் என்று நான் நம்பியிருந்தேன். சுருங்கும்போது அது செய்வது நேர் எதிர்: இருக்கிற கோணலை இன்னும் பெரிதாக்குகிறது. நான் மனதில் வைத்திருந்த உருண்டைப் படம் உடைந்தது இந்த இடத்தில்தான்.

முடிச்சுகள்தான் கொத்துகள். கடைசியாகச் சுருங்குகிற திசை எதுவோ அந்தப் பக்கம்தான் கொத்து நீண்டு நிற்கும். அந்தத் திசை இழையின் திசை. அந்த இழையின் மறு முனையில் இருப்பது பக்கத்துக் கொத்து. பிங்கெலி அளந்த கோணம் இப்படித்தான் சிறிதாக வந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இழை கொத்தை வடிக்கிறதா, கொத்துகள் இழையை வடிக்கின்றனவா? டிக் பாண்ட், லெவ் கோஃப்மேன், டிமிட்ரி போகோசியான் மூவரும் 1996-இல் பிரபஞ்ச வலை, அதாவது இழைகளும் முடிச்சுகளும் பின்னிய பெரும் வலை என்ற கருத்தை முன்வைத்தபோது, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன என்பதைத் தெளிவாக்கினார்கள். கொத்துகளாகப் போகிற செழிப்பான இடங்கள் ஆதிப் பிரபஞ்சத்திலேயே முடிவாகிவிட்டன. அவற்றுக்கு இடையே ஈர்ப்பு எந்தப் பக்கம் பிசைகிறது, எந்தப் பக்கம் நீட்டுகிறது என்பதும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பிசைவுக் களம் இரண்டு இடங்களிலும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் நடுவில் வலுவான இழை முளைக்கும். எனவே கொத்துக்கும் இழைக்கும் உள்ள உறவு உடன்பிறந்தவர்களின் உறவு.

பிறந்த பின்னும் கதை தொடர்கிறது. இழை வெறும் அடையாளக் கோடாக நின்றுவிடுவதில்லை. அதன் வழியேதான் கொத்துக்குத் தீனி போகிறது. தனிக் கேலக்ஸிகள், சிறு கூட்டங்கள், சில சமயம் இன்னொரு முழுக் கொத்து என்று எல்லாம் இழை வழியாகவே வந்து விழுகின்றன. ஒரு பெரிய திடலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிரெதிரே இரண்டே வாசல். மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் வாசலுக்கு வாசல் நீண்டிருக்கும். யாரையும் கேட்காமலே வாசல்கள் எங்கே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் திடலுக்குள் வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கலந்துவிட மாட்டார்களா? கொத்துக்குள் வந்த கேலக்ஸிகள் சுற்றிச் சுழன்று கலந்து, வந்த திசையை மறந்துவிடாதா? எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அருமையாகப் படுகிறது. அதன் விடையும் எளிய வகுத்தல் கணக்கில் கிடைத்துவிடுகிறது. கொத்துக்குள் கேலக்ஸி ஒன்று போகிற வேகம் விநாடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர். இது ஒளியின் வேகத்தில் 300-இல் ஒரு பங்கு. கொத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 60 லட்சம் ஒளியாண்டு என்றால், கடக்க 180 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதோ 1380 கோடி ஆண்டுகள். பெரிய கொத்துகள் பெரும்பகுதி சேர்ந்தது அதன் பிற்பாதியில். அப்படியானால் உள்ளே இருக்கும் ஒரு கேலக்ஸி மூன்று நான்கு முறை குறுக்கே போய்வந்திருந்தால் அதிகம். விளிம்பில் இருப்பவற்றில் பலவும் இப்போதுதான் முதல் முறையாக உள்ளே விழுந்துகொண்டிருக்கின்றன.

மறப்பதற்கு நேரமே கிடைக்கவில்லை. அதுமட்டும் இல்லை, மறக்கச் செய்ய அங்கே எதுவும் பெரிதாக இல்லை. கேலக்ஸிகளுக்கு இடையே உள்ள தூரத்தில் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்வது அபூர்வம். கரும்பொருளோ எதன்மேலும் உராயாமல் ஊடுருவிப் போய்விடும். உராய்வு இருந்தால்தானே மூலைகள் மழுங்கும்? இழை வழியே வந்து விழுந்தது அதே இழையின் திசையில் போய்த் திரும்பி ஊசலாடிக்கொண்டிருக்கிறது. கொத்து நீண்டிருப்பது சுழற்சியால் வந்ததில்லை. இந்த ஊசலாட்டம் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதால்தான்.

சுற்றுப்புறத்துக்கும் வடிவத்துக்கும் தொடர்பு என்று சொன்னதும் பலரும் சுற்றுப்புறம் என்பதை நெரிசல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் எத்தனை கொத்துகள், எவ்வளவு அடர்த்தி என்று ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நெரிசலான இடத்தில் இருக்கும் கொத்து அதிகம் நீண்டிருக்குமா, தனிமையில் இருப்பது உருண்டையாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. அண்டைகள் அதிகம் என்றால் மோதல்கள் அதிகம், கலைந்த வடிவங்கள் அதிகம். மனோலிஸ் பிளியோனிஸ், ஸ்பைரோஸ் பசிலாகோஸ் இருவரும் 2002-இல் காட்டியது அதுதான். உள்ளே துண்டு துண்டாகக் கூட்டங்கள் தெரிகிற கொத்துகள், அதாவது இன்னும் கலந்து முடியாத இளம் கொத்துகள், நெரிசலான சுற்றுப்புறத்தில் அதிகம் இருக்கின்றன. அண்டையைச் சுட்டும் பழக்கமும் அவற்றுக்கே வலுவாக இருக்கிறது. அதே நேரம், நெரிசலான முடிச்சில் பல இழைகள் பல பக்கமிருந்து வந்து சேரும். நாலு பக்கமும் வாசல் திறந்த திடலில் கூட்டம் ஒரு பக்கமாக நீளாது. அங்கே சீக்கிரமே பிறந்துவிட்ட கொத்துக்குக் கலந்துகொள்ளக் கூடுதல் நேரமும் கிடைத்திருக்கும். ஒன்று நீட்டுகிறது, இன்னொன்று உருட்டுகிறது. நெரிசல் என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால் அந்த எண் அதிகம் சொல்வதில்லை.

திசையைக் கேட்டால் மட்டும் தெளிவான பதில் வருகிறது. எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதில்தான் சுற்றுப்புறத்தின் கையெழுத்து அழுத்தமாக விழுந்திருக்கிறது. பிரபஞ்சம் வளர்வதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் பாவனைகளிலும் இதே நிலைதான். ஆயிரம் கோடித் துகள்களுக்கு மேல் வைத்து 2005-இல் ஓட்டிய மில்லேனியம் பாவனையின் படங்களைப் பார்த்தால், முடிச்சுகள் ஒவ்வொன்றும் தன்னைத் தொடும் இழையின் பக்கம் வாயை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். நிறை கூடிய கொத்துகள் கூடுதலாக நீண்டிருப்பதும் பாவனைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குக் காரணம் சுலபம்: பெரியவைதான் கடைசியாகச் சேர்ந்தவை, அதனால் பிறந்த அடையாளம் இன்னும் அழியவில்லை.

இழைகள் கொஞ்ச காலம் முன்பு வரை கணினியிலும் கேலக்ஸி வரைபடங்களிலும்தான் இருந்தன. இப்போது அவற்றை நேரடியாகத் தொட ஆரம்பித்துவிட்டார்கள். ஏபெல் 222, ஏபெல் 223 என்ற இரண்டு கொத்துகளுக்கு நடுவே கரும்பொருள் இழை ஒன்று பின்னணிக் கேலக்ஸிகளின் ஒளியை வளைப்பதை 2012-இல் கண்டார்கள். ஏபெல் 399, ஏபெல் 401 ஜோடிக்கு நடுவே வெப்ப வாயுப் பாலம் இருப்பதைப் பிளாங்க் விண்கலம் காட்டியது. 2019-இல் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி அதே பாலத்தில் காந்தப்புலம் இருப்பதற்கான ரேடியோ ஒளிர்வைப் பிடித்தது. ஈரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஏபெல் 3391, ஏபெல் 3395 கொத்துகளைச் சுற்றி ஏறக்குறைய 5 கோடி ஒளியாண்டு நீளும் வாயு இழையைப் படம் பிடித்தது. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்டோவிச் காகிதத்தில் எழுதிய கோடு அங்கே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

எதனுடைய வடிவம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒரே கொத்தை வாயுவை வைத்து அளந்தால் ஒரு வடிவம், கரும்பொருளை வைத்து அளந்தால் இன்னொரு வடிவம். வாயு அழுத்தத்தால் எல்லாப் பக்கமும் தள்ளிச் சமன் செய்துகொள்ளும், ஈர்ப்புக் கிண்ணத்தில் ஊற்றிய நீர் மாதிரி அந்தக் கிண்ணத்தின் வடிவத்தை எடுக்கும். அந்தக் கிண்ணம் அதை உண்டாக்கிய நிறையைவிட எப்போதும் கொஞ்சம் உருண்டையாக இருக்கும். அதனால் எக்ஸ் கதிர்ப் படத்தில் சாதுவாக, வட்டமாகத் தெரியும் கொத்து உள்ளுக்குள் நன்றாகவே நீண்டிருக்கலாம். மசமுனே ஓகுரி குழுவினர் 2010-இல் 18 கொத்துகளை சுபாரு தொலைநோக்கியின் உதவியோடு ஈர்ப்பு வில்லை முறையில் அளந்தார்கள். பின்னணிக் கேலக்ஸிகளின் உருவம் எப்படி வளைகிறது என்று பார்த்து, குறுக்கே உள்ள நிறையின் வடிவத்தைக் கணிக்கும் முறை அது. கரும்பொருளின் அகலம் அதன் நீளத்தில் சராசரியாகப் பாதிக்குச் சற்றுக் கூடுதல், 0.54 மடங்கு என்று வந்தது. லேசான நீள்வட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றுக்கு இரண்டு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பார்ப்பது நிழலை மட்டும்தான். நீண்ட பென்சிலை நுனி நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் வட்டமாகத் தெரியும். ஏபெல் 1689 என்ற கொத்து பல ஆண்டுகளாக ஆய்வாளர்களைத் தடுமாற வைத்ததற்குக் காரணம் இதுதான். படத்தில் பார்க்க உருண்டை, அமைதியான கொத்து. ஆனால் அது ஒளியை வளைக்கும் வலிமை எக்ஸ் கதிரில் கிடைத்த நிறைக்குப் பொருந்தாமல் மிகையாக இருந்தது. அது நம் பார்வைக் கோட்டிலேயே நீண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டதும் முரண்பாடு பெருமளவு தணிந்தது. நம்மை நோக்கி நீண்ட கொத்துகள் அடர்த்தியாகத் தெரியும், பட்டியல்களில் சுலபமாக இடம்பிடிக்கும், நிறையும் கூடுதலாகக் கணிக்கப்படும். பிரபஞ்சத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கொத்துகளை எண்ணிக் கணக்கிடுகிறவர்கள் இந்தத் திசைப் பிழையைக் கழித்தே ஆகவேண்டும். நீண்ட கொத்தின் பின்னால் அதே கோட்டில் இழையும் இருக்கும் என்பதால் பிழை இரட்டிப்பாகிறது.

சாஸ்திரி 1968-இல் பார்த்த ராட்சதக் கேலக்ஸிகளையும் விட்டுவிட மனமில்லை. அவை கொத்தின் திசையிலேயே நீண்டிருப்பது எப்போது தொடங்கியது? மைக்கேல் வெஸ்ட் குழுவினர் ஹபிள் தொலைநோக்கி எடுத்த 65 தொலைதூரக் கொத்துகளின் படங்களை வைத்து 2017-இல் பதில் சொன்னார்கள். பிரபஞ்சம் இன்றைய வயதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தபோதே அந்தச் சீரமைவு வந்துவிட்டது. கொத்து உருவாகும்போதே நடுவில் இருக்கும் கேலக்ஸியும் அதே இழை வழியே வந்தவற்றை விழுங்கி வளர்ந்திருக்கிறது. மற்ற சாதாரணக் கேலக்ஸிகள் கண்டபடி திரும்பிக் கிடக்கும்போது இது ஒன்று மட்டும் கொத்தோடு சேர்ந்து பார்க்கிறது.

இதே வெஸ்ட், ஜான் பிளேக்ஸ்லீ என்பவரோடு சேர்ந்து 2000-இல் கன்னிக் கொத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் என் முதல் இரவின் காட்சி எனக்குப் புரிந்தது. கன்னிக் கொத்து வானத்தில் பார்க்க ஒழுங்கே இல்லாதது. எம்87-ஐச் சுற்றி ஒரு கூட்டம், எம்86-ஐச் சுற்றி ஒன்று, தெற்கே எம்49-ஐச் சுற்றி இன்னொன்று. அவர்கள் அங்குள்ள பிரகாசமான நீள்வட்டக் கேலக்ஸிகளின் தூரங்களைத் தனித்தனியே எடுத்து, முப்பரிமாணத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவை ஒரு கோட்டில் வந்து நின்றன. அந்தக் கோடு நம் பார்வைத் திசைக்கு வெறும் 10 முதல் 15 பாகைச் சாய்வில் இருக்கிறது. ஏறக்குறைய நம் முகத்துக்கு நேரே நீட்டிய கோல். வானத்தில் அந்த அச்சு காட்டும் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் சிம்ம விண்மீன் கூட்டத்தில் ஏபெல் 1367 என்ற கொத்து வரும். அதிலிருந்து இன்னோர் இழை கோமா கொத்துக்குப் போகிறது.

நான் அன்று பார்த்த எம்86 விநாடிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் கன்னிக் கொத்து மொத்தமாக நம்மைவிட்டு விநாடிக்கு 1000 கிலோமீட்டருக்கும் மேல் விலகிக்கொண்டிருக்க, இது மட்டும் எதிர்த்து வருகிறது. அப்படியானால் கொத்துக்குள் அது விழும் வேகம் எவ்வளவு இருக்கவேண்டும்! நம் பார்வைக் கோட்டை ஒட்டிக் கிடக்கும் அந்தக் கோலின் நெடுக அது பாய்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் நிலா இல்லாத இரவொன்றில் மறுபடி எம்84, எம்86 இரண்டையும் கண்ணாடிக்குள் கொண்டுவந்தேன். பொட்டுகள் அப்படியே இருந்தன. இந்த முறை சங்கிலியின் வழியே போகவில்லை. குழாயைச் சிம்மத்தின் பக்கம் மெல்லத் திருப்பினேன். ஏபெல் 1367-இன் கேலக்ஸிகள் என் தொலைநோக்கிக்கு மிக மங்கல். வெகுநேரம் பார்த்ததில் பக்கப் பார்வையில் ஒன்றே ஒன்று, வந்து வந்து மறைந்தது.